மச்சினன் போடும் மார்க்கும் ஒரு எக்செல் ஷீட்டும்

வியாசர்பாடியில் எங்கள் தெருவில் படம் பார்த்துவிட்டு வந்தவனிடம் யாரும் விமர்சனம் கேட்பதில்லை, பத்துக்கு எவ்வளவு, அவ்வளவுதான். என் மச்சினன் பல வருஷமாக அந்த மார்க்கை போனில் எழுதியே வைத்திருக்கிறான். அதை வாங்கி எக்செல்லில் ஏற்றி, அவன் ரசனை பிடிபடுகிறதா என்று பார்க்கிறேன்.

மார்க்கை அப்படியே எடுத்தால் ஒன்றும் தெரியாது. அவன் தாராளப் பிரபு, சராசரியே எட்டை ஒட்டி வருகிறது, அவன் 7 போட்டால் படம் சுமார்தான். அதே 7 என் மனைவி போட்டால் பெரிய பாராட்டு. அதனால் முதலில் அவனுடைய சராசரியைக் கழித்தேன். அப்புறம் ஊருக்கே பிடித்த படம் இவனுக்கும் பிடித்தது என்றால் அதில் இவனைப் பற்றி என்ன தெரியப்போகிறது, அதனால் ஐஎம்டிபி இணையதளத்தில் மக்கள் போட்ட மார்க்கில் அந்தப் படம் மற்ற படங்களைவிட எவ்வளவு ஏறியோ இறங்கியோ நிற்கிறது என்பதையும் கழித்தேன். மிச்சம் இருப்பதுதான் ரசனை. நெட்ஃபிளிக்ஸ் 2006இல் பத்து லட்சம் டாலர் பரிசு வைத்து, பத்து கோடிக்கும் மேற்பட்ட மார்க்குகளைக் கொடுத்து, யார் எந்தப் படத்துக்கு என்ன மார்க் போடுவார் என்று கணிக்கச் சொல்லி 2009 வரை நடத்திய போட்டியில் ஜெயித்தவர்களும் இந்த இரண்டையும் ஒதுக்கிவிட்டுத்தான் மேலே போனார்கள்.

டைரக்டர் வாரியாகப் பார்த்தபோது ஒரே ஒரு படம் எடுத்தவர்தான் முதலிடம், ஏனென்றால் அந்த ஒரு படத்துக்கு மிச்சம் +2. சரி, எல்லா டைரக்டருக்கும் கற்பனையாக, மிச்சம் பூஜ்ஜியமான நான்கு படம் சேர்த்து சராசரி எடுத்தேன். அவர் 0.4க்கு இறங்கினார், எட்டுப் படத்துக்கும் +1 வாங்கியவர் 0.67உடன் மேலே வந்தார். இது நியாயம்.

காமெடி, ஆக்‌ஷன் என்று பிரித்ததில் உருப்படியாக எதுவும் இல்லை. கதை நம்ம ஏரியாவில் நடக்கிறதா என்று ஷீட்டில் ஒரு நெடுவரிசை (column) சேர்த்ததும்தான் சுவாரசியம். 70களின் குத்துச்சண்டையைச் சொன்ன ‘சார்பட்டா பரம்பரை’ (2021) எங்கேயோ மேலே நிற்கிறது, ஆனால் வட சென்னை என்று வந்த வேறு சில படங்கள் அதலபாதாளத்தில். கேட்டால், “காசிமேட்ல எவன் மாமா இப்டி பேசுவான்?” என்கிறான். ஆக ஏரியா இல்லை, ஏரியா பேச்சு சரியாக வந்திருக்கிறதா என்பதுதான் விஷயம். அதை அவனையே நிரப்பச் சொன்னால் பிடித்த படத்துக்கெல்லாம் சரி என்றுதான் போடுவான், அதனால் மார்க்கைக் காட்டாமல் என் மனைவியிடம் கொடுத்தேன், தண்டையார்பேட்டையில் வளர்ந்தவள். அவள் சரி என்ற படங்கள் பெரும்பாலும் அவனிடம் ஒரு மார்க்காவது கூடுதல். மதுரைப் பேச்சை எவ்வளவு கொலை செய்தாலும் இவனுக்குக் கவலையில்லை.

பேய்ப்பட வரிசை காலி, அவன் போவதே இல்லை. காலியைப் பூஜ்ஜியமாக எடுக்கக் கூடாது, பார்க்கவே மாட்டேன் என்பதும் ஒரு தகவல்தான், அதை எப்படிச் சேர்ப்பது என்று யோசிக்க வேண்டும். எங்கே பார்த்தான் என்பதும் ஷீட்டில் இல்லை. மகாராணி தியேட்டரில் விசிலுக்கு நடுவே பார்த்ததும் மொட்டைமாடியில் போனில் பார்த்ததும் ஒரே மார்க்காக இருக்காது, அதனால் வருகிற வெள்ளிக்கிழமையிலிருந்து அதையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.