மாடித் தோட்ட ஸ்டாண்ட்: மறுசுழற்சி பிளாஸ்டிக் பலகை, இரண்டாம் தடவை

முதல் தடவை போட்ட பலகைகள் மத்தியான வெயிலில் வில்லாக எழும்பின. பொழுது சாய்ந்ததும் படுத்துக்கொண்டன. பலகை மேல் குற்றமில்லை. இரண்டு முனையையும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்போடு இறுக்கி முடுக்கியதுதான் தப்பு. இந்தப் பலகையின் பிளாஸ்டிக்கான ஹெச்டிபிஇ, சூட்டில் இரும்பைவிடச் சுமார் பத்து மடங்கு விரியும். 6 அடிப் பலகை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனால் 7 மி.மீ. நீளும். கறுப்புப் பலகை அந்தச் சூட்டைச் சாதாரணமாகத் தொடும். விற்பவர்கள் கரையான் வராது, உளுக்காது என்பார்கள் (உண்மைதான்). இதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

இப்போது நடு பைப்பில் மட்டும் இறுக்கமான ஓட்டை. அங்கிருந்து 1 அடியில் 8 மி.மீ. ஓட்டை. அதைத் தாண்டினால் 5 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 14 மி.மீ. நீள ஓட்டை. 6 மி.மீ. பிட்டில், மையத்துக்கு மையம் 8 மி.மீ. விட்டு இரண்டு ஓட்டை போட்டு, நடுவில் நிற்கும் 2 மி.மீ. சுவரை அரத்தால் எடுக்க வேண்டும். பிட்டைச் சாய்த்து இழுத்தால் சீக்கிரம் முடியும் என்று கை துறுதுறுக்கும். வேண்டாம், பிளாஸ்டிக் இளகிப் பிட்டில் சுற்றிக்கொள்ளும். ட்ரில் மெதுவாகத்தான் ஓட வேண்டும்.

பூட்டும் நேரமும் முக்கியம். காலையில் பூட்டினால் ஸ்க்ரூ ஓட்டையின் வெளிமுனையை ஒட்டி நிற்க வேண்டும். உச்சி வெயிலில் என்றால் உள்முனையை ஒட்டி. அகல வாஷர் போட்டு, முடுக்கியபின் கால் சுற்றுத் தளர்த்தவும். ஐந்து பலகைக்கு 40 நீள ஓட்டை. மணிக்கட்டு கடுத்துப்போகும்.

செலவுக் கணக்கில் பலகை விலையை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். 1 அங்குலப் பலகை 2 அடி இடைவெளியில் தொட்டிப் பாரம் தாங்காமல் மெல்ல மெல்லத் தொய்யும். 1 அடிக்கு ஒரு பைப் வேண்டும்: 6 அடிக்கு 4 போய் 7. வெல்டிங் கூலியும் கூடும். வருஷா வருஷம் வார்னிஷ் அடிக்கிற வேலை இல்லை என்பதுதான் லாபம். பெயின்ட் அடிக்க ஆசைப்பட்டாலும் ஒட்டாது.

வாங்கும்போது ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போடுங்கள். மூழ்கினால் மரத்தூளோ வேறு கலப்போ அதிகம், அல்லது பிவிசி. 4 அங்குலம் x 1 அங்குலம் x 6 அடி கெட்டிப் பலகை 4 கிலோவுக்குச் சற்று மேல் இருக்க வேண்டும். ரொம்பக் குறைந்தால் உள்ளே நுரை. ஸ்க்ரூப் பிடிப்பும் குறையும்.

அடுத்தது சாய்மானம் வைத்த பெஞ்ச். அதற்கு ஒன்றரை அங்குலப் பலகை தேட வேண்டும். இங்கே இன்னும் இரண்டு பலகை, 16 ஓட்டை பாக்கி.