நடுவர் மூடிய கேஸை அவரிடமே போய்த் திறக்கச் சொன்ன கதை

அந்த ஆர்டர் ஒரே பக்கம்தான். மேலே கேஸ் விவரம், கீழே நடுவர் கையெழுத்து, நடுவில் நாலே வரி. கோரிக்கை மனு (எங்களுக்கு என்ன வேண்டும் என்று நாங்கள் எழுதிக் கொடுக்க வேண்டியது) குறித்த தேதிக்குள் வரவில்லை, தாமதத்துக்குக் காரணமும் சொல்லவில்லை, ஆகவே ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 25(ஏ) பிரிவின்படி இந்த நடவடிக்கை முடிக்கப்படுகிறது. குடோனில் தறி ஓடிக்கொண்டிருந்தது, போனில் அந்த மெயிலைத் திறந்து நின்றபடியே மூன்று தடவை படித்தேன். ஆர்டர் போட்டுப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

இதை எழுதுவதற்குக் காரணம், இதே மாதிரி மாட்டிக்கொண்ட இரண்டு பேர் சமீபத்தில் என்னிடம் வழி கேட்டார்கள். இரண்டு பேருமே ஐகோர்ட்டுக்குப் போக பணம் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் குடோன் பல்லடம் பக்கம். எட்டு செகண்ட் ஹேண்ட் ரேப்பியர் தறி வாங்கினோம். நிமிடத்துக்கு 350 சுற்று ஓடும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள், ஆனால் எந்தப் பாவு ஏற்றினாலும் 240 தாண்டவில்லை. ஏழாம் தறியும் பதினோராம் தறியும் (பழைய தறிகளோடு சேர்த்துப் போட்ட நம்பர்) மாசத்தில் பாதி நாள் நின்றேதான் கிடந்தன. தறி விற்றவர் பணத்தைத் திருப்பித் தர மறுத்தார். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் ஆர்பிட்ரேஷன் ஷரத்து, அதாவது தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகாமல் ஒரு நடுவரிடம் தீர்த்துக்கொள்வது என்ற ஷரத்து இருந்தது, இடம் கோயம்புத்தூர் என்று போட்டிருந்தது. ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவரை இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டோம். நாங்கள் கேட்டது 31 லட்சம்.

முதல் அமர்விலேயே கோரிக்கை மனுவுக்கு நாலு வாரம் கொடுத்தார். ஒரு தடவை அவகாசம் வாங்கினோம். அந்த நேரத்தில்தான் அப்பாவுக்கு பக்கவாதம் வந்தது. பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். நடுவரின் மெயில் எல்லாம் குடோன் மெயிலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்த கணக்குப்பிள்ளை வேலையை விட்டு நின்றுவிட்டார், இனி தாமதித்தால் முடித்துவிடுவேன் என்று நடுவர் எச்சரித்து அனுப்பிய கடைசி மெயிலையும் யாரும் திறக்கவில்லை. அப்போதைய வக்கீலும் போன் பண்ணவில்லை. தப்பு எங்கள் பக்கமும் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை.

மாமா உடனே சொன்னார், "ஐகோர்ட்ல ஒரு ரிட்டைப் போடு மாப்ள, தூக்கி எறிஞ்சுருவாங்க." எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. முடித்தவரிடமே போய் முடித்தது தப்பு என்று எப்படிச் சொல்வது?

ஈரோட்டில் வேறொரு வக்கீலைப் பார்த்தேன், வயதானவர். ஆர்டரைப் படித்துவிட்டு அவர் சொன்னது: "தம்பி, மெட்ராஸுக்கு அப்புறம் போலாம். கதவைச் சாத்துனவருகிட்டயே மொதல்ல தட்டிப் பாக்கோணும். அதுக்கு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே இருக்குது."

அவர் சொன்ன தீர்ப்பு 2017 செப்டம்பரில் வந்தது, ஸ்ரேய் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் எதிர் டஃப் ட்ரில்லிங். எங்கள் கதையேதான். கோரிக்கை மனு தாக்கல் ஆகவில்லை என்று 25(ஏ)வில் நடுவர் மன்றம் முடித்துவிட்டது. பிறகு டஃப் ட்ரில்லிங் காரணம் சொல்லி ரீகால் மனு (போட்ட ஆர்டரைத் திரும்பப் பெறச் சொல்லும் மனு) போட்டபோது, எங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை என்று மன்றம் கையை விரித்துவிட்டது. கல்கத்தா ஐகோர்ட் அதை ஒப்புக்கொள்ளவில்லை, உச்ச நீதிமன்றமும் ஐகோர்ட் பக்கமே நின்றது. போதுமான காரணம் காட்டினால் மன்றம் தன் ஆர்டரைத் திரும்பப் பெறலாம் என்றது. 25ஆம் பிரிவிலேயே 'போதுமான காரணம் காட்டாமல்' என்ற வார்த்தை இருக்கிறது. அந்தக் காரணத்தைப் பின்னால் வந்து காட்டுகிறவனை முகத்தைப் பார்க்காமல் திருப்பி அனுப்ப முடியாதல்லவா? இன்னொன்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். 32ஆம் பிரிவில் நடவடிக்கை முடிந்தால் மன்றத்தின் அதிகாரமும் அதோடு முடிகிறது என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது, 25இல் அந்த வரி கிடையாது.

எனக்கு இதில் பிடிபட நேரமெடுத்தது ஒரு வித்தியாசம்தான். யாருக்கு எவ்வளவு பாக்கி என்று நடுவர் தீர்ப்பு சொல்லிவிட்டால், அதை அவரே மறுபடி எடுத்து மாற்ற முடியாது. 33ஆம் பிரிவில் கணக்குப் பிழை, எழுத்துப் பிழை திருத்தலாம், விட்டுப்போன கோரிக்கை இருந்தால் அதற்குத் தீர்ப்பு சொல்லலாம், இப்படிச் சில காரியங்கள்தான். ஆனால் கேஸை நடத்திப் போகும் வழியில் போடுகிற ஆர்டர்கள் வேறு. தேதி கொடுப்பது, கதவைச் சாத்துவது, சாட்சியைக் கூப்பிடுவது, இவையெல்லாம் நடைமுறை. இந்தப் பிரிப்பு ஆர்பிட்ரேஷனுக்கு முன்னாலிருந்தே இருக்கிறது. 1980இல் கிரிண்ட்லேஸ் வங்கி வழக்கில் தொழில் தீர்ப்பாயம் பற்றி உச்ச நீதிமன்றம் இதையேதான் சொன்னது. தீர்ப்பின் சரி தப்பை மறுபரிசீலனை செய்ய வேண்டுமானால் சட்டம் அந்த அதிகாரத்தைத் தந்திருக்க வேண்டும், நடைமுறையில் நேர்ந்த கோளாறைச் சரிசெய்ய அந்த மன்றத்துக்கே உள்ளார்ந்த அதிகாரம் உண்டு.

மெயிலைப் பார்த்த நாலாம் நாள் ரீகால் மனு போட்டோம். இதில் வக்கீல் அண்ணன் செய்த ஒரு காரியத்தை யாருக்கும் சொல்வேன்: இன்னும் அவகாசம் கொடுங்கள் என்று கேட்கவே இல்லை, கோரிக்கை மனுவையே முழுதாகத் தயார் பண்ணி ஆவணங்களோடு கூடவே இணைத்துவிட்டார். மூன்று ராத்திரி அவர் ஆபீசில் உட்கார்ந்து பில்லையும் சர்வீஸ் ரிப்போர்ட்டையும் நம்பர் போட்டு அடுக்கினோம். அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரி, கணக்குப்பிள்ளை நின்ற தேதிக்குச் சம்பளப் பதிவேடு, எல்லாம் அஃபிடவிட்டோடு வைத்தோம். "ஒடம்பு சரியில்லீங்கன்னு வாயில சொன்னா ஆகாது தம்பி, தேதி தேதியாக் காட்டோணும்."

எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே வாதம்தான் வைத்தார். ஃபங்க்டஸ் அஃபீஷியோ, அதாவது ஆர்டர் போட்டதோடு நடுவரின் வேலை தீர்ந்தது, இனி அவர் இந்தக் கேஸுக்கு அந்நியர். நடுவர் இரண்டு பக்கமும் எழுத்துமூல வாதம் வாங்கிக்கொண்டு ஆறு பக்கத்தில் ஆர்டர் போட்டார். காரணம் போதுமானது, ரீகால் அனுமதி, ஆனால் எதிர்த்தரப்புக்கு நாங்கள் 25,000 ரூபாய் செலவுத்தொகை கட்ட வேண்டும். அன்றே கட்டினோம்.

அப்புறம் அவர்கள் ஐகோர்ட் போனார்கள், கீழுள்ள மன்றங்களை ஐகோர்ட் மேற்பார்வை செய்ய அதிகாரம் தரும் அரசியல் சாசனம் 227ஆம் பிரிவில். மனு நம்பர் ஆன நாளில் எனக்குத் தூக்கமே இல்லை. சேரன் எக்ஸ்பிரஸில் ஏறி நானும் போனேன், போக வேண்டும் என்று அவசியமில்லை, வீட்டில் இருக்க முடியவில்லை. விசாரணை பத்து நிமிடம்கூட இல்லை. எங்கள் பக்கம் எடுத்து வைத்தது மூன்று. சட்டத்தின் 5ஆம் பிரிவு, இந்தச் சட்டம் சொன்ன இடத்தில் தவிர வேறெங்கும் கோர்ட் தலையிடக் கூடாது. 2005இல் எஸ்பிபி எதிர் படேல் எஞ்சினியரிங் வழக்கில் ஏழு நீதிபதிகள் சொன்னது, நடுவர் போடுகிற ஒவ்வொரு ஆர்டரையும் 226 (ரிட் அதிகாரம்), 227இல் கொண்டுபோய் ஐகோர்ட்டில் திருத்த முடியாது. 2021 ஜனவரியில் பாவென் கன்ஸ்ட்ரக்சன் வழக்கில் சொன்னது, 227 அதிகாரம் பறிபோகவில்லை, ஆனால் ஒரு தரப்புக்கு வேறு வழியே இல்லாமல் போனாலோ கெட்ட எண்ணம் தெளிவாகத் தெரிந்தாலோதான், அதுவும் மிக அரிதாக, அதைக் கையில் எடுக்க வேண்டும். மனு தள்ளுபடி. ஆட்சேபணை இருந்தால் கடைசியில், நடுவர் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கும் 34ஆம் பிரிவில் சொல்லிக்கொள்ளலாம் என்றார்கள்.

வெளியே வந்ததும்தான் எனக்கு உறைத்தது. மாமா பேச்சைக் கேட்டு நான் முதலில் இங்கே வந்திருந்தால், நடுவரிடம் கேட்டீர்களா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இருந்திருக்காது.

நடுவர் ரீகாலை மறுத்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று அண்ணனிடம் கேட்டேன். அப்போது கோர்ட்தான் என்றார். டஃப் ட்ரில்லிங் 227இல் போய்த்தான் ஜெயித்தது. 32ஆம் பிரிவில் முடித்த ஒரு கேஸில், லலித்குமார் சங்கவி வழக்கு, 14ஆம் பிரிவின்படி கோர்ட்டை அணுகலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எது பொருந்தும் என்பதை ஆர்டரில் போட்டிருக்கிற பிரிவை வைத்து வக்கீல்தான் பார்க்க வேண்டும்.

சாட்சி விசாரணையில் இதே பாடம் இன்னொரு தடவை வந்தது. தறிகளின் இறக்குமதி ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தோம், உற்பத்தி வருஷம் அதில்தான் இருக்கும். தேவையில்லை என்று நடுவர் மறுத்துவிட்டார். எனக்கு ஆத்திரம், மறுபடி மெட்ராஸ் போகலாமா என்றேன். அண்ணன் அசையவில்லை, ஆட்சேபணையை எழுத்தில் பதிந்துவிட்டு நகர்ந்தார். இரண்டு மாதம் கழித்து அவர்கள் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தபோது, அந்தப் பேப்பர் எல்லாம் ஆபீஸ் பீரோவில்தான் இருக்கிறது என்று அவரே சொன்னார். சொன்ன வரியைத் தட்டச்சு செய்து முடிக்கும் வரை அண்ணன் அடுத்த கேள்வி கேட்கவில்லை. மறுநாள் அந்த வாக்குமூலத்தை இணைத்துப் புது மனு. நிலைமை மாறியிருக்கிறது, இது நடைமுறை ஆர்டர்தான் என்று சொல்லி நடுவர் தன் பழைய ஆர்டரை மாற்றினார். ஆவணம் வந்தது. ஒப்பந்தத்தில் சொன்னதைவிட ஆறு வருஷம் பழைய தறிகள்.

தீர்ப்பில் 31 லட்சத்துக்கு 22 லட்சமும் வட்டியும் கிடைத்தது. அவர்கள் மூன்று மாதக் கெடுவுக்குள் கோவை வணிக நீதிமன்றத்தில் 34 போட்டிருக்கிறார்கள், ரீகால் ஆர்டர் செல்லாது என்பதும் அதில் ஒரு காரணம். 2015 திருத்தத்துக்குப் பிறகு 34 போட்டதாலேயே தீர்ப்பு நின்றுவிடாது, தடைக்குத் தனியாகக் கேட்க வேண்டும். கேட்டார்கள், பாதித் தொகையைக் கட்டச் சொல்லி கோர்ட் தடை கொடுத்தது, கட்டிவிட்டார்கள். அடுத்த வாய்தா வருகிற மாதம்.

அப்பா இப்போது கைத்தடியோடு குடோன் வரைக்கும் நடக்கிறார். கேஸ் மெயில் இப்போது என் போனுக்கும் தம்பி போனுக்கும் வருகிறது.