தபால் பெட்டியில் முதலில் பெயரை ஒட்டுங்கள்

அக்கா மகன் வருகிற அக்டோபரில் ஜெர்மனிக்கு மாஸ்டர்ஸ் படிக்க வருகிறான். போன வாரம் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு, "மாமா, குக்கர் அஞ்சு லிட்டரா மூணு லிட்டரா, எதை எடுத்துட்டு வரட்டும்?" என்று கேட்டான். மூணு லிட்டர் போதும்டா என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் ராத்திரி தூக்கமே வரவில்லை. 2017 அக்டோபரில் டோர்ட்முண்டில் வந்து இறங்கியபோது என்னிடமும் குக்கர் இருந்தது, புளி இருந்தது, அம்மா கட்டிக்கொடுத்த பருப்புப்பொடி இருந்தது. அது எதுவும் தீர்க்காத சிக்கல் ஒன்றில்தான் நான் முதல் மாதமே மாட்டிக்கொண்டேன். அதனால் அவனுக்கும், அவனைப் போலக் கிளம்பிக்கொண்டிருக்கிற தம்பி தங்கைகளுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

சிக்கல் தபால் பெட்டியில் இருந்தது. வீட்டு வாசலில் எட்டு வீட்டுக்கும் எட்டுப் பெட்டி, ஒவ்வொன்றிலும் விரல் நீளத்துக்கு ஒரு பெயர்ச்சீட்டு. நானும் ஊர் வழக்கப்படி அப்பா பெயருக்கு ஓர் இனிஷியல், பக்கத்தில் என் பெயர் என்று எழுதி ஒட்டிவிட்டேன். பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற இடத்தில் இருப்பது அப்பா பெயர். இந்த நாட்டில் கடிதம் சர்நேமுக்குத்தான் வரும். அந்தப் பெயர் எந்தப் பெட்டியிலும் இல்லையென்றால் தபால்காரர் யாரிடமும் விசாரிக்க மாட்டார், கடிதம் அப்படியே அனுப்பியவருக்கே போய்விடும். என் பேங்க் கார்டு ஒரு கவரில் வந்து திரும்பிப் போயிற்று, அந்தக் கார்டின் ரகசிய எண் வேறொரு கவரில் வந்து அதுவும் போயிற்று. பணம் கணக்கில் இருந்தும் எடுக்க வழியில்லாமல் மூன்று வாரம் பக்கத்து அறைப் பையனிடம் கடன் வாங்கிச் சாப்பிட்டேன். அவன்தான் ஒரு நாள் என்னோடு வாசல் வரை வந்து, பெட்டியைப் பார்த்து, "இதில் உன் பேரே இல்லையே" என்றான். அன்றைக்கே அப்பா பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன்.

ஆகவே வீட்டுச் சாவி கைக்கு வந்ததும், பெட்டியைத் திறந்து துணி எடுப்பதற்கு முன்னாலேயே, பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே முழுப் பெயரைத் தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டுங்கள். வேறொருவர் வீட்டில் ஓர் அறையில் தங்குகிறீர்கள் என்றாலும் உங்கள் பெயர் தனியாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருக்கிறவர்கள், முடிந்தால் ஊரிலேயே, விசா வேலையெல்லாம் தொடங்குவதற்கு முன்பே, பாஸ்போர்ட்டில் சர்நேம் தனி, பெயர் தனி என்று பிரித்து வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஓர் அலுவலகம் அந்த இடத்தில் கோடு போடும், இன்னொன்று உங்கள் பெயரையே இரண்டு முறை எழுதும், அப்புறம் இரண்டு பேரும் ஒருவர்தான் என்று நிரூபிக்க நீங்கள் அலைய வேண்டும்.

வீடு கிடைத்து இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அதுதான் அன்மெல்டுங். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட ஓர் உறுதிச் சீட்டு இல்லாமல் பதிய முடியாது. நேரம் வாங்குவதே பெரும்பாடு என்பதால் வருவதற்கு முன்பே ஆன்லைனில் முயற்சி செய்யுங்கள். பதிந்து சில வாரத்தில் பதினொரு இலக்க வரி எண் தபாலில் வரும், பகுதிநேர வேலைக்கு அதைக் கேட்பார்கள். விசா முடிகிற தேதியைக் காலண்டரில் குறித்து, அதற்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அட்டை வரத் தாமதமானாலும், கெடு முடிவதற்குள் விண்ணப்பித்தவருக்குத்தான் பழைய உரிமை தொடரும்.

வாடகை குறைவு, ஆனால் பதிவு செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் அந்த அறை வேண்டாம். வீட்டைப் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். "நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் வந்ததும் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று எழுதுகிறவர் யாராக இருந்தாலும் அது ஏமாற்று வேலைதான். எனக்குத் தெரிந்தே இரண்டு பேர், அப்பா கடன் வாங்கிக் கொடுத்த பணத்தை இப்படி இழந்திருக்கிறார்கள். விளம்பரத்தில் வாடகையைப் பார்க்கும்போது அது கால்ட்டா வார்மா என்று பாருங்கள். கால்ட் என்றால் வெறும் வாடகை, ஹீட்டரும் தண்ணீரும் அதற்கு மேல். வார்ம் என்றால் அவையும் சேர்ந்தது. முன்பணம் மூன்று மாதக் கால்ட் வாடகைக்கு மேல் கேட்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை.

இனி கடிதங்கள். இங்கே முக்கியமான எதுவும் இன்னும் காகிதத்தில்தான் வருகிறது. ஜெர்மன் புரியவில்லை என்று ஒரு கடிதத்தையும் ஓரமாக வைக்காதீர்கள். போனில் படம் பிடித்தால் மொழிபெயர்த்துவிடும், அதில் தேதியையும் தொகையையும் மட்டுமாவது பாருங்கள். என் நண்பன் ஒருவன் ரேடியோ, டிவி கட்டணக் கடிதத்தை விளம்பரம் என்று நினைத்து டிராயரில் போட்டுக்கொண்டே வந்தான். நம்மிடம் டிவியே இல்லையே, யார் நம்மைக் கேட்கப்போகிறார்கள் என்று. டிவி இருக்கிறதா என்பது கணக்கே இல்லை, அது வீட்டுக்கு இத்தனை என்று வாங்குகிற கட்டணம், மாதம் 18.36 யூரோ. ஒரே வீட்டில் நாலு பேர் இருந்தால் ஒருவர் கட்டினால் போதும், மற்ற மூவரும் அவருடைய எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுதினால் தீர்ந்தது. அவன் பதிலே எழுதவில்லை. ஒரு வருடம் கழித்து மஞ்சள் கவரில் அதிகாரபூர்வ அறிவிப்பு ஒன்று வந்தது. அந்த மஞ்சள் கவரை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் தபால்காரர் கையால் தேதி எழுதியிருப்பார், அது பெட்டியில் விழுந்த நாளிலிருந்தே கெடு ஓடத் தொடங்கும், நீங்கள் பிரித்தாலும் பிரிக்காவிட்டாலும். கவரையும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

பணத்தைப் பற்றி ஒன்றுதான். நான் வந்தபோது பிளாக்ட் அக்கவுண்டில், அதாவது மாதம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று பூட்டி வைக்கிற கணக்கில், ஒரு வருடச் செலவுக்கு 8,640 யூரோ காட்டச் சொன்னார்கள், 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904, அதாவது மாதத்துக்கு 992. ஆனால் அந்த 992 உங்கள் கைக்கு வர இங்கே ஒரு கணக்கு தேவை, கணக்கு திறக்கப் பல இடத்தில் முகவரிப் பதிவு கேட்பார்கள். அதனால் முதல் ஆறு வாரத்துக்கான செலவு, வீட்டு முன்பணமும் சேர்த்து, ஃபாரெக்ஸ் கார்டில் தனியாக இருக்கட்டும்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் மலிவைப் பார்த்துப் போய்விடாதீர்கள். 30 வயதுக்குள் இருந்தால் அரசுவழிக் காப்பீட்டில் மாணவர் கட்டணம் உண்டு. அதை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் தனியார் காப்பீட்டுக்குப் போனால் படிப்பு முடியும் வரை மாணவராகத் திரும்ப வர முடியாது. 30 தாண்டியவர்கள், வேலையை விட்டுவிட்டுப் படிக்க வருகிறவர்கள் நிறையப் பேர் அப்படித்தான், டிக்கெட் எடுப்பதற்கு முன்பே இதை விசாரித்துக்கொள்ளுங்கள். இரவில் உடம்பு முடியவில்லை, ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை என்றால் 116117, ஆபத்து என்றால் 112.

படிப்புக்கு வருகிறேன். எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். இங்கே பெரும்பாலான பாடங்களில் வருகைப் பதிவு எடுப்பதில்லை, இன்டர்னல் மார்க் என்பதும் கிடையாது. செமஸ்டர் முழுக்க யாரும் உங்களைத் தட்டிக் கேட்க மாட்டார்கள், கடைசியில் ஒரே தேர்வு. நம் ஊரில் ஹெச்ஓடி கூப்பிட்டுத் திட்டுவார், வீட்டுக்குப் போன் போகும், அதில் பழகியவர்களுக்கு இந்த அமைதி சுதந்திரம் மாதிரி தெரியும். அக்டோபரில் சேர்ந்து பிப்ரவரியில்தான் விழித்துக்கொண்ட பையன்களை வருடா வருடம் பார்க்கிறேன்.

தேர்வு எழுதத் தனியாகப் பதிய வேண்டும். வகுப்புக்குப் போனதால் தானாகத் தேர்வில் பெயர் வராது. பதிவுக்கான கெடு பெரும்பாலும் தேர்வுக்குப் பல வாரம் முன்பே முடிந்துவிடும், ஒரு நாள் பிந்தினாலும் அந்த செமஸ்டர் போனது போனதுதான். பதிந்துவிட்டுக் காரணமில்லாமல் போகாவிட்டால் பல இடங்களில் ஃபெயில் என்றே எழுதுவார்கள். காய்ச்சல் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போய்ச் சான்று வாங்க வேண்டும். மதிப்பெண் தலைகீழ், 1.0 தான் உச்சம், 4.0 வரை பாஸ், 5.0 ஃபெயில். நம் ஊரில் அரியர் வைத்து எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதிப் பழகியவர்கள் கவனியுங்கள். இங்கே பல படிப்புகளில் ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்புதான், மூன்றாவதும் போனால் படிப்பிலிருந்தே பெயரை நீக்கிவிடுவார்கள், அதே படிப்பை ஜெர்மனியில் வேறு எங்கேயும் தொடர்வது கிட்டத்தட்ட முடியாது. எத்தனை வாய்ப்பு என்பது உங்கள் படிப்பின் தேர்வு விதிகளில், அதாவது ப்ரூஃபுங்ஸ்ஓர்ட்னுங்கில், எழுதியிருக்கும். முதல் வாரமே அதைப் படியுங்கள். இரண்டாவது முறை தோற்றால் வெட்கப்பட்டு அறைக்குள் உட்காராதீர்கள். ஆசிரியரின் சந்திப்பு நேரத்தில் போய், விடைத்தாளைக் காட்டச் சொல்லி, எங்கே தவறு என்று கேளுங்கள். கேட்டு வருகிறவர்களை இங்கே மதிப்பார்கள், நான் கண்ணால் பார்த்தது.

வேலை, வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வரை செய்யலாம், 2024 மார்ச்சிலிருந்து அப்படி. உணவு டெலிவரியில் சுயதொழில் என்று கையெழுத்து வாங்குகிறவர்களிடம் போகாதீர்கள், மாணவர் அனுமதியில் தனி ஒப்புதல் இல்லாமல் அது செல்லாது. முதல் செமஸ்டரில் வேலை தேடாமல் ஜெர்மன் படியுங்கள் என்பது என் கருத்து. வகுப்பு ஆங்கிலத்தில்தான், ஆனால் வேலைக்கான இன்டர்வியூவில் உட்காரும்போது இதன் அருமை தெரியும்.

வீட்டில் ஜன்னல் திறக்கும் பழக்கத்தைப் பழகுங்கள். குளிரில் எல்லாவற்றையும் இறுக்கி மூடிக்கொண்டு சோறு வடித்து, குளித்து, துணியையும் அறைக்குள் காயப்போட்டால் ஜனவரிக்குள் சுவர் மூலையில் கறுப்பாகப் பூஞ்சை பூத்துவிடும், முன்பணத்தில் பிடிப்பார்கள். காலையும் மாலையும் ஹீட்டரை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பத்து நிமிடம் முழுக்கத் திறந்து வையுங்கள். ஞாயிறு கடை கிடையாது, சனிக்கிழமையே அரிசி பருப்பு வாங்கிவிடுங்கள். தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள், கடையில் இருக்கிற மெஷினில் போட்டால் ஒன்றுக்கு 25 சென்ட் வரை திரும்ப வரும்.

டிசம்பரில் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும், காலை எட்டரை வரை விடியாது. அந்த மாதத்தில்தான் பிள்ளைகள் உடைந்துபோகிறார்கள், வீட்டில் கேட்டால் நல்லா இருக்கேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்து அழுகிறார்கள். என்னை அந்த டிசம்பரில் காப்பாற்றியது ஓர் ஈழத்தமிழர் கடை. கறிவேப்பிலை வாங்கப் போனேன். "என்ன தம்பி, புதுசா வந்தனீங்களோ? சாப்பிட்டீங்களோ?" என்றார் கடைக்கார அண்ணன். இரண்டு மாதம் கழித்து நேருக்கு நேராகத் தமிழில் ஒருவர் சாப்பிட்டாயா என்று கேட்டது அன்றைக்குத்தான். எண்பதுகளில் அகதிகளாக வந்து ஒன்றுமில்லாமல் தொடங்கியவர்கள் இவர்கள். பக்கத்தில் ஹம் நகரத்தில் இவர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயில் 2002இல் குடமுழுக்குக் கண்டது, கோபுரத்தோடு நிற்கிறது. கோடையில் தேரோடும்போது ஆயிரக்கணக்கில் ஆள் கூடும். சாமி கும்பிடாதவர்களும் ஒரு முறை போய்ப் பாருங்கள், போய் அங்கே நாலு பேரிடம் பேசிவிட்டு வாருங்கள்.

மாப்ளே, குக்கருக்கு உதிரி கேஸ்கட் இரண்டு எடுத்துக்கோ. தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வை, இல்லையென்றால் மேலே இருக்கிற புகை அலாரம் கத்தும். வந்திறங்கியதும் சாப்பாட்டுப் படம் எதுவும் அனுப்ப வேண்டாம், உன் அப்பா பெயரும் உன் பெயரும் சேர்த்து ஒட்டிய தபால் பெட்டியைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு.