ஐதரசன் காரை வன்னி றோட்டில பரிசோதிக்கிறதெண்டால்

முதல் பாக்கவேண்டியது வெக்கை. பெற்றோல் எஞ்சின் தன்ர சூட்டில ஒரு பெரிய பங்கைப் புகைக்குழாயால தள்ளிப்போடும். ஐதரசன் காரில எஞ்சினுக்குப் பதிலா, ஐதரசனையும் காத்தில இருக்கிற ஒட்சிசனையும் சேர்த்து மின் எடுக்கிற எரிபொருட்கலம்தான் இருக்கு. அது வேலை செய்யிறதே 60–80 பாகையிலதான். சூடு கிட்டத்தட்ட முழுக்க றேடியேற்றராலதான் போகவேணும். வெளியில 36 பாகை எண்டால் அது லேசில்லை. ஏ9 இல ஏசியையும் போட்டு வேகமாய் ஓடேக்க குளிர்விக்கிற தண்ணியின்ர வெப்பநிலையை விடாமல் பதியுங்கோ. அது கூடினால் கலத்துக்குள்ள இருக்கிற மென்சவ்வு காயும், இழுவை விழும்.

அடுத்தது கலத்துக்குள்ள போற காத்து. கிரவல் புழுதியைச் சாதாரண ஃபில்ற்றர் பிடிக்கும். வயலுக்கு யூரியா எறிஞ்சாப்பிறகு கிளம்புற அமோனியாவைப் பிடிக்காது, அதுக்குக் கரி ஃபில்ற்றர் வேணும். முல்லைத்தீவுப் பக்கம் உப்புக்காத்து வேற.

பெரிய தலையிடி எரிபொருள்தான். 700 பார் அமுக்கத்தில 5 கிலோ ஐதரசனை அஞ்சு நிமிசத்தில ஏத்தினால் தாங்கி சூடாகும், எல்லை 85 பாகை. அதால வாயுவை மைனஸ் 40 வரை குளிராக்கித்தான் அடிக்கிறது. கரண்ட் நிண்டால் அந்தக் கதை முடிஞ்சுது. தூய்மையும் 99.97 வீதம் வேணும். காபனோரொட்சைட்டு பத்து இலட்சத்தில 0.2 பங்கைத் தாண்டினாலே கலத்துக்குள்ள இருக்கிற பிளாற்றினத்தில ஒட்டிக்கொண்டு மின்னைக் குறைக்கும்.

கராஜில விடுறதெண்டால் கூரையோட ஒட்டிக் காத்துப்போக வழி வையுங்கோ. கசிஞ்சால் மேலதான் போய் நிக்கும்.