இவருடைய ஊசியும் இன்சூரன்ஸ் கடிதங்களும்

பிப்ரவரி 3, 2025, திங்கள். எடிசன், நியூ ஜெர்சி

மருந்துக்கடைக்குப் போன இவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். எடை குறைக்க டாக்டர் செப்பவுண்டு என்ற ஊசி எழுதிக்கொடுத்து நாலு நாளாகிறது. இன்சூரன்ஸ் மறுத்துவிட்டது, கைக்காசு போட்டால் மாதத்துக்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும் என்றார்களாம். ஷூவைக் கழற்றிவிட்டு, "விடு, நடந்தே குறைச்சுக்கறேன்" என்றார்.

நடக்காமலா இருந்தார்? மூன்று வருடமாக நடக்கிறார். ராத்திரியில் சோறு கிடையாது. போன ஜூனிலிருந்து மாதாமாதம் டயட்டீஷியனிடமும் போகிறார். பத்து பவுண்டு இறங்கும், நாலு மாதத்தில் பன்னிரண்டு ஏறும். 5 அடி 8 அங்குல உயரத்துக்கு 205 பவுண்டு, பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 31. நம் ஊர்க்காரர்களுக்கு 23-ஐ எட்டினாலே சர்க்கரைக்குச் சோதிக்கச் சொல்கிறது அமெரிக்க நீரிழிவுச் சங்கம். மாமனார் சர்க்கரையில் கால் விரல் இழந்தவர். என்னால் இதை விட முடியாது.

பிப்ரவரி 6, வியாழன்

மறுப்புக் கடிதம் தபாலில் வந்தது. முதல் தடவை வாசித்தபோது கோபம்தான் வந்தது. இரண்டாம் தடவை பென்சிலோடு உட்கார்ந்தேன். நோய்க் குறியீடு E66.811, அதாவது முதல் நிலை உடல் பருமன். காரணம்: "உங்கள் ப்ளானில் எடை குறைப்பு மருந்துகள் சேரா."

இவருக்கு மருந்து தேவையில்லை என்று அதில் எங்கும் சொல்லவில்லை. ப்ளானிலேயே இல்லை என்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. தேவையில்லை என்றால் டாக்டரின் குறிப்பைக் காட்டி வாதாடலாம். ப்ளானிலேயே விலக்கு என்றால் டாக்டர் பத்துப் பக்கம் எழுதினாலும் அசையாது.

பிப்ரவரி 7, வெள்ளி

ஐம்பது நிமிடம் போனில். கடைசியில் கிடைத்த பெண் பொறுமையாகப் பேசினார், அவருக்கு நன்றி. இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயர் கார்டில் இருந்தாலும் பணம் அவர்களுடையது இல்லையாம். இவருடைய ஆபீஸே தன் காசில் நடத்தும் ப்ளான், செல்ஃப் ஃபண்டட் என்கிறார்கள். கம்பெனி கணக்கு மட்டும் பார்க்கிறது. எந்த மருந்தைச் சேர்ப்பது, எதை விலக்குவது என்று ஆபீஸ்தான் முடிவு செய்கிறது. 1974-ல் வந்த எரிசா என்ற மத்தியச் சட்டத்தின் கீழ் வருவதால், மாநில இன்சூரன்ஸ் சட்டங்களும் பெரும்பாலும் இதைக் கட்டுப்படுத்தா. பதினோரு வருடமாக அந்தக் கார்டைப் பர்ஸில் வைத்திருக்கிறேன், இன்றுதான் தெரிந்தது.

போனை வைப்பதற்கு முன் ஒன்று கேட்டேன். விலக்கு எடை குறைப்புக்கு மட்டுமா, இல்லை இந்த மருந்துக்கேவா? கொஞ்ச நேரம் தேடிவிட்டு, எடை குறைப்புக்கு மட்டும்தான் என்றார். வேறு நோய்க்கு எழுதினால் பிரையர் ஆதரைசேஷன், அதாவது முன் அனுமதி, கேட்கலாமாம்.

பிப்ரவரி 15, சனி

தோழி வீட்டில் சாப்பாடு. அங்கே வந்திருந்த மாமிக்கு 71 வயது, மெடிகேர், அதாவது முதியவர்களுக்கான அரசு இன்சூரன்ஸ். மெடிகேரின் மருந்துத் திட்டம் எடை குறைப்பு மருந்துக்குப் பணம் தரக்கூடாது என்று 2003-ல் வந்த சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் மாமிக்கு இரண்டு வருடம் முன்பு மாரடைப்பு வந்தது. இதய நோயும் அதிக எடையும் உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் குறைக்க, இன்னொரு எடை குறைப்பு ஊசியான வெகோவியைத் தரலாம் என்று 2024 மார்ச்சில் எஃப்டிஏ, அதாவது மருந்துகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பு, அனுமதித்தது. அந்தக் காரணத்துக்காக எழுதினால் மெடிகேர் ப்ளான்கள் சேர்த்துக்கொள்ளலாம். மாமியின் ப்ளான் சேர்த்திருக்கிறது. அதே ஊசி, அதே உடம்பு. எந்த நோய்க்கு என்று எழுதுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மருந்தைத் தாங்களே கலந்து தயாரித்து விற்கும் காம்பவுண்டிங் கடையில் செப்பவுண்டின் நகல் மலிவாகக் கிடைக்கும் என்றார் ஒருவர். தட்டுப்பாடு இருந்ததால்தான் அதை விட்டுவைத்திருந்தார்கள். செப்பவுண்டில் உள்ள டிர்செபடைட் என்ற மருந்தின் தட்டுப்பாடு தீர்ந்துவிட்டதென்று எஃப்டிஏ டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது, அந்த வழி மூடப்போகிறது. திறந்தே இருந்தாலும் எனக்கு மனம் வராது.

பிப்ரவரி 22, சனி

இவர் குறட்டை விடுவார் என்பது தெருவுக்கே தெரியும். போன வருடமே டாக்டர் தூக்கப் பரிசோதனை செய்யச் சொன்னார், நாங்கள்தான் தள்ளிப்போட்டோம். செப்பவுண்டுக்கு 2024 டிசம்பர் 20-ல் இன்னொரு அனுமதி கிடைத்தது: உடல் பருமனோடு நடுத்தர அல்லது கடுமையான ஸ்லீப் அப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய், உள்ளவர்களுக்கு. அதைப் படித்த அன்றே டாக்டரிடம் பேசினோம். நேற்று ராத்திரி கருவி மாட்டியாயிற்று. நெஞ்சில் ஒரு பெல்ட், விரலில் ஒரு கிளிப், மூக்கின் கீழே மெல்லிய குழாய்.

நான் தூங்கவில்லை. குறட்டை போய்க்கொண்டே இருந்து திடீரென்று நிற்கும். அறையில் ஒரு சத்தமும் இருக்காது. மனதுக்குள் எண்ணினேன். பதினெட்டு வரை வந்தது. அப்புறம் நீரிலிருந்து தலையைத் தூக்குபவரைப் போல் ஒரு பெரிய மூச்சு. இத்தனை வருடம் இதற்குப் பக்கத்தில் படுத்து, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன்.

மார்ச் 5, புதன்

பரிசோதனை முடிவு வந்தது. மணிக்கு 27 தடவை மூச்சு தடைபடுகிறது. 15-லிருந்து நடுத்தரம், 30-க்கு மேல் போனால் கடுமை. தூங்கும்போது முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் சீபாப் கருவி எழுதிக்கொடுத்தார்கள். ஊசி வந்தாலும் இப்போதைக்கு அதை விடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். மருந்துக்காகத் தேடிப்போன இடத்தில் உண்மையான ஒரு நோய் இருந்தது.

மார்ச் 20, வியாழன்

டாக்டர் ஆபீஸ் புதிதாக முன் அனுமதி கேட்டது, இந்தமுறை G47.33 என்ற அப்னியா குறியீட்டோடு. இன்று மறுபடியும் மறுப்பு. ஆனால் கடிதத்தைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி! விலக்கு என்ற சொல்லே இல்லை. "தேவையான ஆதாரம் வரவில்லை" என்று இருக்கிறது. இதோடு வாதாடலாம். அப்பீலுக்கு 180 நாள் அவகாசம். அதிலும் மறுத்தால், நான்கு மாதத்துக்குள் வெளியார் பரிசீலனை கேட்கலாம். எந்த விதிமுறையை வைத்து மறுத்தார்களோ அதன் நகலை இலவசமாகக் கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு. கேட்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

நகல் வந்தது. மூன்று பக்கம். பிஎம்ஐ 30-க்கு மேல், தூக்கப் பரிசோதனை அறிக்கை, ஆறு மாத உணவு, உடற்பயிற்சிப் பதிவு, சீபாப் பற்றிய குறிப்பு. இவரிடம் எல்லாமே இருக்கிறது. டாக்டர் ஆபீஸ் அனுப்பிய ஃபேக்ஸில் பரிசோதனை அறிக்கை இல்லை, டயட்டீஷியன் குறிப்புகளும் இல்லை. அவர்களைத் திட்டத் தோன்றவில்லை, அந்த ஒரு நர்ஸ் ஒரு நாளைக்கு இப்படி எத்தனை காகிதம் அனுப்புகிறாரோ. சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் விதிமுறையின் வரிசைப்படியே அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் எந்த விதிக்கான பதில் என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஏப்ரல் 10, வியாழன்

அனுமதி வந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு. நீட்டிக்க வேண்டுமென்றால் எடையும் இறங்கியிருக்க வேண்டும், சீபாப் பதிவும் வேண்டும். மருந்துக் கம்பெனியின் சேமிப்புக் கார்டையும் சேர்த்தபின் கடையில் 25 டாலர். இவர் ரசீதை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார்.

ஏப்ரல் 12, சனி

முதல் ஊசி, 2.5 மில்லிகிராம், வயிற்றில். வலிக்கவே இல்லை என்றார். மீதி மூன்று பேனாவும் ஃப்ரிட்ஜில் இட்லி மாவுக்கு மேல் தட்டில் இருக்கின்றன.

இவர் ஆபீஸில் அப்னியா இல்லாமல், பருமன் மட்டும் உள்ளவர்களுக்குக் கதவு இன்னும் மூடித்தான் இருக்கிறது. அந்த விலக்கை அடுத்த வருட ப்ளானிலிருந்து எடுக்கச் சொல்லி எச்ஆருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறோம். ப்ளான் விவரங்களைக் கோடையிலேயே முடிவு செய்துவிடுவார்களாம், அதனால் திங்கட்கிழமையே இவர் கொண்டுபோய்க் கொடுக்கிறார். கூட வேலை பார்க்கும் ஏழு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.