யாருக்கு வசதி?

சீனாவின் குவாங்சோ நகரில் வணிக நிறுவன ஊழியர்களுக்கு மாலை வகுப்பில் ஆங்கிலம் கற்பித்த நாள்களில், என் சிவப்பு மையை அதிகம் குடித்தது 'கன்வீனியன்ட்' என்ற பெயரடைதான். மாணவர்கள் பயிற்சிக்காக எழுதும் மின்னஞ்சல்களில் பாதி, 'இஃப் யூ ஆர் கன்வீனியன்ட்' என்றே தொடங்கும். அதை அடித்துவிட்டு, 'இஃப் இட் இஸ் கன்வீனியன்ட் ஃபார் யூ' என்று திருத்திக் கொடுப்பேன். அடுத்த வாரம் பழைய வாக்கியமே திரும்பி வரும்.

வசதி என்பதற்குச் சீனத்தில் வழங்கும் 'ஃபாங்பியென்' என்ற சொல்லைக் கவனித்த பிறகே பிழையின் வேர் தெரிந்தது. சீனத்தில் ஆளையே எழுவாயாக்கி 'நீங்கள் ஃபாங்பியெனா?' என்று கேட்பது முற்றிலும் இயல்பு. ஆங்கிலத்திலோ நேரமும் இடமும் ஏற்பாடும்தான் கன்வீனியன்ட் ஆகலாம், ஆளை அப்படிச் சொன்னால் பிறர் காரியத்துக்குத் தோதாக வாய்த்தவர் என்ற விபரீதத் தொனி வந்துவிடும். தமிழில் நாம் "உங்களுக்கு எப்போது வசதி?" என்று நான்காம் வேற்றுமையைப் பிடித்துக்கொண்டு தப்பிவிடுகிறோம். அதனால் நான் இந்தப் பிழையைச் செய்ததில்லை. அது ஏன் பிழை என்று யோசித்ததும் இல்லை. ("நீங்கள் வசதியா?" என்றால் நாம் சொத்து விசாரிப்பதாக ஆகிவிடும்.)

ஃபாங்பியெனின் எல்லை பெரிது. உடனடி நூடுல்ஸ் அங்கே 'ஃபாங்பியென் மியென்'. கழிப்பறைக்குப் போவதை நாசூக்காகச் சொல்லவும் அதே சொல். கையில் ஃபாங்பியென் இல்லையென்றால் பணமுடை. பௌத்தத் துறவி குமாரஜீவர் 406ஆம் ஆண்டில் தாமரைச் சூத்திரம் என்ற பௌத்த நூலைச் சீனத்தில் மொழிபெயர்த்தபோது 'உபாயம்' என்ற வடசொல்லுக்கு இட்டதும் இதைத்தான் என்று அறிந்த இரவு, எனக்கு உறக்கம் சற்றுத் தாமதமாகவே வந்தது.

அதன் பிறகு சிவப்பு மையைக் குறைத்துக்கொண்டு, பலகையில் ஒரு மனிதனையும் ஒரு கடிகாரத்தையும் வரைந்து, சொல் யார் தலையில் உட்கார வேண்டும் என்று கேட்கத் தொடங்கினேன். மூன்றாம் வாரத்தில் ஒரு மாணவி, வியாழக்கிழமை தமக்கு கன்வீனியன்ட் அல்ல என்று இலக்கணம் துளியும் பிசகாமல் எழுதியிருந்தார். மகிழ்ந்துபோய்க் காரணம் கேட்டேன். 'இட் இஸ் நாட் கன்வீனியன்ட் டு சே' என்று பதில் வந்தது. சொல்ல விருப்பமில்லை என்பதைச் சீனத்தில் அப்படித்தான் பணிவாகச் சொல்வார்கள். திருத்த எடுத்த பேனாவை மூடி வைத்துவிட்டு, வகுப்பை வெள்ளிக்கிழமைக்கு மாற்றினேன்.