ஆக்டேவியா ஆர்எஸ்ல பாக்ஸ்டர் கேலிபர் ஏத்துன கதை

போன வருசம் வால்பாறைல இருந்து எறங்கறப்ப ஆரம்பிச்ச கெரகம் இது. மொத்தம் 40 கொண்டை ஊசி, அட்டகட்டி தாண்டி ஒவ்வொண்ணா எறக்கீட்டு வரேன், 9வது வளைவு லோம்ஸ் வியூ பாயிண்ட் கிட்ட பிரேக்க மிதிச்சா பெடல் பஞ்சு மெத்தையாட்டம் உள்ள போகுதுங்க, வண்டி மட்டும் நிக்க மாட்டீங்குது. செகண்டு கியர்ல போட்டு எஞ்சின்லயே புடிச்சுப் புடிச்சு ஆழியார் வந்து நிறுத்துனா முன் வீல் பக்கத்துல போக முடியல, அவ்ளோ சூடு, கருகுன வாசம் வேற. பக்கத்து சீட்ல இருந்த மச்சான் சித்த நேரம் ஒண்ணுமே பேசல, அவன் பேசாம இருந்து நான் பாத்ததே இல்ல.

வண்டி 2005 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், 1.8 டர்போ, 150 குதிரை. அஞ்சு கதவு வெச்சுட்டு என்ன ஸ்போர்ட்ஸ் கார்னு கேக்கறவங்க கேட்டுக்கட்டும். முந்தின ஓனர் முன்னாடி 312 எம்எம் டிஸ்க் போட்டு வெச்சிருந்தாரு, ஆடி டிடில வர்ற அதே சைஸ், 25 எம்எம் கனம். இந்த ஆக்டேவியா, ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் 4, டிடி எல்லாம் ஒரே பிளாட்பாரம், அதாவது ஒரே அடிக்கட்டுங்கறதால, போர்ஷே பாக்ஸ்டரோட முன் கேலிபர (பேட டிஸ்க் மேல ரெண்டு பக்கமும் அமுக்கிப் புடிக்கற பாகம்) இதுல மாட்டறது வெளிநாட்டுல ரொம்ப வருசமா நடக்கற சோலிதான். முதல் தலைமுறை பாக்ஸ்டர், 986னு சொல்லுவாங்க. அலுமினியத்துல ஒரே கட்டியா செஞ்சது, நாலு பிஸ்டன். பெங்களூர்ல பழைய பார்ட்ஸ் விக்கற ஒருத்தர் கிட்ட ஜோடியா கெடச்சது, சீல் கிட் வாங்கி மாத்தி, செவப்பு பெயிண்டும் அடிச்சேன். அந்த பெயிண்டுதான் பின்னாடி வேலைய காமிச்சது.

மாட்டறதுக்கு முன்னாடி வெர்னியர் வெச்சு பிஸ்டன அளந்தேன். பழைய கேலிபர்ல ஒத்த பிஸ்டன், 54 எம்எம். பரப்பு கணக்கு போட்டா சுமாரா 2290 சதுர மில்லிமீட்டர். பாக்ஸ்டர்ல ஒரு பக்கம் 36ம் 40ம், ரெண்டும் சேத்தா 2275. நகர்ற கேலிபர்ல ஒரு பக்கம் பிஸ்டன் தள்ளறப்ப பாடியே இந்தப் பக்கம் இழுத்துட்டு வந்து மறுபக்க பேடையும் அதே பலத்துல அழுத்தும், அதனால நாலு பிஸ்டன்லயும் ஒரு பக்கத்த மட்டும் எண்ணுனா போதும். ஆக புடிக்கற பலம் அப்படியே பழையபடிதான், டிஸ்க்கும் மாறல. பெடல மிதிச்சா ஆயில தள்ளற மாஸ்டர் சிலிண்டர மாத்த வேண்டியதில்லங்கறது சந்தோசம், ஆனா இத்தன காசு போட்டும் நிக்கற தூரம் ஒரு அடி கொறையாது, ஒரு தடவ அழுத்தி நிறுத்தறதுக்கு டயர்தான் கணக்கு. அப்பறம் எதுக்கு இதுன்னா, பேடு பெருசு, பாடி விரியாது, பழைய கேலிபர் நகர்ற கம்பி (ஸ்லைடு பின்) காஞ்சு ஒரு பக்கமா இழுக்கற தொல்ல இல்ல, திரும்பத் திரும்ப மிதிச்சாலும் பெடல் ஒரே மாதிரி இருக்கணும். எனக்கு வேண்டியது மலை எறங்கறதுக்கு அதுதான்.

பாக்ஸ்டர் கேலிபர் நேரா உக்காராது, நடுவுல ஒரு பிராக்கெட் வேணும், அதுக்கு கோயமுத்தூர் கணபதில ஒரு லேத் பட்டறை. பட்டறை அண்ணன் நான் வரஞ்ச பேப்பர பாத்துட்டு, "ஏனுங் தம்பி, இது பம்புக்கா கிரைண்டருக்கா"ன்னாரு. பிரேக்குன்னதும் மொகமே மாறிப்போச்சு. நான் மைல்டு ஸ்டீல்னு எழுதி இருந்தத அடிச்சுட்டு ஈஎன்24னு, அதவிட பலமான ஸ்டீல், எழுதுனாரு, உள் மூலை எல்லாம் வளைச்சு விடணும், கூர் மூலைல தான் விரிசல் வுடும்னாரு, போல்ட் 10.9 கிரேடுக்கு கொறஞ்சு கொண்டாந்தா வேலை செய்ய மாட்டேன்னும் சொல்லீட்டாருங்க. கேலிபர் ஓட்டை ரெண்டுக்கும் நடுவுல 130 எம்எம். மொதல்ல அட்டைல, அப்பறம் பிளைவுட்ல வெட்டி வெச்சு பாத்தும் மொத ஜோடி தப்பாப் போச்சு, கேலிபர் 3 எம்எம் உள்ள தள்ளி டிஸ்க் ஓரத்துல ஒரசுது. தப்பு என்னோடதுதான், அட்டைய துரு ஏறுன நக்கிள் (கேலிபர் மாட்டற இரும்பு) மேல வெச்சு அளந்திருக்கேன். ரெண்டாவது ஜோடி உக்காந்துச்சு, ஆனா டிஸ்க் நடுவுல வரல, ஃபீலர் கேஜ் வெச்சு சந்த அளந்து பாத்து 1 எம்எம் ஷிம், மெல்லிசு தகடு, போட்டு சரி பண்ணுனேன். கேலிபர் போல்ட் 85 நியூட்டன் மீட்டர் டைட்டு. ஹோஸ் சேர்ற எடம் வேற மாதிரி இருந்ததால ஸ்டீல் பின்னல் ஹோஸ் தனியா செய்ய வேண்டியதாச்சு. 17 இஞ்சு அலாய் வீல் ஸ்போக் கூட கேலிபர்ல இடிச்சது, வீல வெளிய தள்ள 5 எம்எம் ஸ்பேசர், அதுக்கு 5 எம்எம் எச்சா நீளமான வீல் போல்ட். ஸ்பேசர் போட்டு பழைய போல்ட்டயே போடற ஆளுங்கள நினைச்சா எனக்கு வயிறு கலங்குது.

இனி பெயிண்டு கதை. பிரேக் ஆயில் ஊத்தி உள்ள இருக்கற ஏர் எடுக்கறேன், எடுக்கறேன், ஒரு லிட்டர் போச்சு, பெடல் இன்னும் பஞ்சுதான். மச்சான் மிதிக்க நான் காத்து வெளிய விடற நிப்பிள தொறக்க, மத்தியானம் ஆரம்பிச்சது பொழுது உளுந்தும் முடியல. அம்மா டீ கொண்டாந்து வெச்சுட்டு, "கண்ணு, அந்த திருகாணி ஏன் கீழ பாத்துட்டு இருக்குது"ன்னாங்க. அட கெரகமே! எடது வலது மாத்தி மாட்டிப்போட்டேன். சுத்தற திசைய காட்டற அம்புக்குறி பெயிண்டுக்கு அடில போயிருச்சு, நிப்பிள் கீழ போயிருச்சு, காத்து மேல நிக்கும், அப்பறம் எங்க வெளிய வர்றது. சின்ன பிஸ்டன் டிஸ்க் நுழையற பக்கம், பெரிய பிஸ்டன் வெளிய போற பக்கம் வரணும், இல்லீனா பேடு ஒரு முனைல எச்சா தேயும், அந்தக் கணக்கும் தலகீழா இருந்திருக்குது. எல்லாத்தையும் கழட்டி, புது காப்பர் வாசர் போட்டு, திரும்ப மாட்டுனதும் கால் லிட்டர்ல பெடல் கல்லாட்டம் நின்னுச்சு.

காலைல 5 மணிக்கு நீலாம்பூர் பைபாஸ்ல பேடு பழக்கி முடிச்சேன், 80ல இருந்து 20க்கு ஒரு பத்து தடவ, முழுசா நிறுத்தாம. அடுத்த ஞாயித்துக்கிழம மறுபடி வால்பாறை. 9வது வளைவுல பெடல் மேலேயே நின்னுச்சு, ஆழியார்ல கூட மெத்தை இல்ல. ஆனா ஒண்ணு சொல்லிடறேன், பழைய பிரேக் ஆயில் அஞ்சு வருசம் மாத்தாம கெடந்தது. டாட் 4ங்கற தரத்து பிரேக் ஆயில் புதுசுல 230 டிகிரி வரைக்கும் கொதிக்காம தாங்கோணும், ஈரம் குடிச்சா 155 வரைக்கும் எறங்கிரும். அன்னைக்கு கொதிச்சது பாதி அந்த ஆயில்தான்னு இப்ப தோணுது. ஆயில மட்டும் மாத்தி ஒருக்கா எறங்கிப் பாத்துட்டு அப்பறம் கேலிபர் வாங்கி இருக்கலாம், பண்ணல, பாக்ஸ்டர் கேலிபர் மேல ஆசை.

500 கிலோமீட்டர் ஓட்டி போல்ட்ல வெச்ச பெயிண்ட் கோடு பாத்தாச்சு, நகரல. காலைல குளிர்ல மொத ரெண்டு மிதிக்கு கிறீச்சுனு கத்துது, பால்காரர் தெனமும் திரும்பிப் பாக்கறாரு. பேடு ஓரத்த சாய்ச்சு தேச்சு, பின்னாடி கிரீஸ் வெச்சு பாக்கணும். பின் வீல் பேடும் தேஞ்சு கெடக்குது, அது அடுத்த மாசம்.